வைத்த குறியும் எடுத்த ரேகையும்: கைரேகைப் பதிவு குறித்த மக்கள் கருத்தும் தன்னுரிமையும் (1858–1947)

ஆய்வுச்சுருக்கம்

கைரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் நுட்பம் ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளத்தில் உருப்பெற்றது. இந்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் அதனை வகுத்த அதிகாரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ரேகை தந்தவர்கள் அதனை எவ்வாறு கருதினர் என்னும் வினா பின்தங்கிவிட்டது. தமிழ் வழக்கில் உள்ள சொற்கள், 1906 முதல் 1908 வரை டிரான்ஸ்வாலில் இந்தியர் நடத்திய மறுப்பு, 1920இல் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் நிகழ்ந்த எதிர்ப்பு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை அடுத்தடுத்து வைத்து ஆராய்கிறது. மக்கள் எதிர்த்தது மையையும் தாளையும் அன்று. தாம் ஒப்பி வைக்கும் குறியை ஆட்சி தானே எடுத்துக்கொள்வதையே எதிர்த்தனர் என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: கைரேகை, கைநாட்டு, தற்குறி, குற்றப் பரம்பரையினர் சட்டம், பிரமலைக் கள்ளர், டிரான்ஸ்வால், தன்னுரிமை.

முன்னுரை

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்திற்கு மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களில் மக்கள் இட்ட பெயர் ‘ரேகைச் சட்டம்’ என்பதாகும். அச்சட்டம் ஒருவரது உறைவிடத்தைக் கட்டுப்படுத்தியது. வெளியூர்ப் பயணத்தைத் தடுத்தது. இரவில் காவலரிடம் ஆஜராக வைத்தது. அன்றாட வாழ்வில் இவை தந்த துன்பத்தோடு ஒப்பிட்டால், விரலில் மை தடவித் தாளில் பதிப்பது ஒருமுறை நிகழ்ந்து முடியும் சிறு செயலே. அவ்வாறிருக்க, சட்டம் முழுமைக்கும் மக்கள் பெயரெடுத்தது அச்சிறு செயலிலிருந்துதான். இந்தப் பெயரீட்டைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. சட்டத்தின் எந்தக் கூறு தம்மை மிகுதியாகத் தொட்டது என்பதை அதற்கு உட்பட்டவர்களே அப்பெயரால் சொல்லிவிட்டனர்.

தற்குறியும் கைநாட்டும்

எழுதத் தெரியாதவர் ஆவணத்தில் ஒப்புதல் இடும் முறை தமிழகத்திற்குப் புதியதன்று. ‘தற்குறி’ என்னும் சொல் முதற்கண் கையெழுத்துக்கு ஈடாக ஒருவர் தாமே இடும் குறியைக் குறித்தது. அக்குறி இன்னாருடையது என எழுத்தறிந்த மற்றொருவர் அருகே எழுதிச் சான்றளித்தார். பிற்கால ஓலைகளிலும் பத்திரங்களிலும் ‘கீறல்’ என்பது இதே பணியைச் செய்தது. பெருவிரல் ரேகை வந்தபோது மக்கள் அதற்கெனப் புதிதாக ஒரு முறையை ஏற்படுத்திக்கொள்ளவில்லை. பழைய கீறல் இருந்த இடத்தில் ரேகை அமர்ந்தது, சுற்றிலும் ‘இன்னாரின் இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று பத்திர எழுத்தர் எழுதினார், சாட்சிகள் கையெழுத்திட்டனர். ‘கைநாட்டு’ என்னும் பெயரும் நாட்டுதல், ஊன்றுதல் என்ற வினையடியிலிருந்து வந்ததே. நாட்டுபவர் குறிக்கு உரியவர்; அவரே அச்செயலின் எழுவாய்.

இச்சொற்களின் பிற்கால வரலாறு நோக்கத்தக்கது. ‘தற்குறி’ அறிவிலியைச் சுட்டும் வசையாயிற்று. ‘கைநாட்டு’ என்பதும் எழுத்தறியாதவரை இழிக்கும் சொல்லாக இன்றும் வழங்குகிறது. எழுத்தறிவு உடையோர் எழுத்தறிவு அற்றோரை நோக்கி எறிந்த ஏளனம் இது. ஆயினும் கைநாட்டு வைத்தவரைக் குற்றவாளி என எவரும் கருதியதில்லை. நிலத்தை விற்றவரும் கடன் பெற்றவரும் கைநாட்டு வைத்தனர். அதில் கல்லாமை குறித்த கூச்சம் இருந்திருக்கலாம்; மானக்கேடு இருந்ததாகக் கொள்ள இடமில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டே அடுத்து நிகழ்ந்தவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு விரலிலிருந்து பத்து விரலுக்கு

வங்காளத்தில் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் 1858இல் சாலைப் பணிக்கான பொருள் வழங்கும் ஒப்பந்தமொன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவைப் பெற்றார். பின்னாளில் கையெழுத்தை மறுக்கும் எண்ணம் அவருக்கு எழாதவாறு அச்சுறுத்துவதே தம் நோக்கம் என ஹெர்ஷலே எழுதியுள்ளார். 1877இல் ஹூக்ளியில் நீதிபதியாக இருந்தபோது ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறையாளர் ஆகியோரிடம் இம்முறையை நடைமுறைப்படுத்தினார். இக்கட்டத்தில் ரேகையின் பணி சரிபார்த்தல் மட்டுமே. வந்திருப்பவர் தாம் சொல்லும் ஆள்தானா என்பதை அறிய ஒரு விரலே போதுமானது.

முன்பின் அறியாத ஒருவரை அவர் பெயர் சொல்லாமலே கண்டறிய வேண்டுமாயின் நிலை வேறு. ஆயிரக்கணக்கான தாள்களிடையே ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாடு அதற்குத் தேவை. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோர் அதனை உருவாக்கினர். பத்து விரல்களும் ஐந்து இணைகளாக்கப்பட்டன. சுழி அமைந்த விரலுக்கு, அது எந்த இணையில் உள்ளது என்பதற்கேற்ப 16, 8, 4, 2, 1 என மதிப்பு தரப்பட்டது. இவ்வாறு கிடைக்கும் இரு எண்களைக் கொண்டு 32 வரிசையும் 32 நிரலுமாக 1024 அறைகள் கொண்ட அடுக்கில் தாள் இடம்பெறும். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கப்பட்டது. 1901இல் லண்டன் காவல்துறை இம்முறையை ஏற்றது. முறை ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கியது. கணக்கிட்டு அமைத்த இரு இந்தியர்க்கும் பட்டங்களும் சிறு பணப் பரிசுகளும் பிற்காலத்தில் கிடைத்தன. காலனிய அறிவியல் வரலாற்றில் இது வியப்புக்குரிய செய்தியன்று.

நுட்பத்தின் இவ்விரு நிலைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. ஒரு விரல் ‘நான்தான்’ என்று சொல்பவரது சொல்லை உறுதிசெய்கிறது. பத்து விரல்கள், அவர் எதுவும் சொல்லாதபோதும் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன. மக்கள் இவ்வேறுபாட்டைக் கலைச்சொற்களால் விளக்கவில்லை. ஆனால் அறிந்திருந்தனர் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று தருகிறது.

டிரான்ஸ்வாலில் எழுந்த மறுப்பு

ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்குக் காவல்துறையை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். வங்காளத்து முறை அவருடன் கடல் கடந்தது. போயர் போருக்குப்பின் மில்னர் ஆட்சிக் காலத்தில் டிரான்ஸ்வால் இந்தியர்கள் அனுமதிச் சீட்டுகளில் பெருவிரல் ரேகை வைத்தனர். சட்டம் அதனைக் கட்டாயமாக்கவில்லை. அரசுடன் இணக்கம் கருதி அவர்கள் ஒப்பினர். அப்போது பெருங்கிளர்ச்சி எதுவும் எழவில்லை.

1906 ஆகஸ்டில் வெளியான ஆசியர் சட்டத் திருத்த வரைவு நிலைமையை மாற்றியது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்து விரல் ரேகையும் தர வேண்டும். காவலர் கேட்குமிடத்தில் சான்றிதழைக் காட்ட வேண்டும். 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடியோர் இதற்குப் பணிவதில்லை என உறுதி ஏற்றனர். 1907இல் சட்டம் நிறைவேறியபோது பதிவு அலுவலகங்களின் வாயிலில் தொண்டர்கள் நின்று மக்களைத் தடுத்தனர். அத்தொண்டர்களை நெறிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் மொரீசியசில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு.

ஹென்றியின் நூலைத் தாம் படித்ததாகவும், சட்டப்படி ரேகை பெறப்படுவது குற்றவாளிகளிடமிருந்தே என்பதை அதிலிருந்து அறிந்ததாகவும் காந்தி பின்னர் எழுதினார். காவல்துறைக் கையேடே அக்காவல்துறைக்கு எதிரான வாதத்திற்கு ஊற்றாயிற்று. அந்நூல் ஓய்வூதியம், பத்திரப் பதிவு முதலிய பயன்களையும் விரித்துரைப்பது உண்மையே. எனினும் பத்து விரலின் தேவை குற்றவாளி வகைப்பாட்டிலிருந்தே எழுந்தது என்ற அளவில் காந்தியின் வாதம் பிழையன்று.

1908 ஜனவரி இறுதியில் ஸ்மட்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமாகப் பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் எனக் காந்தி புரிந்துகொண்டார். கற்றோரும் சொத்துடையோரும் ரேகைக்கு மாறாகக் கையெழுத்து இடலாம் என்ற சலுகையும் இதில் இருந்தது. தமிழ்ச் சமூகத்துக் கைநாட்டு ஏளனத்தின் அதே பிளவு இங்கு அரசுச் சலுகையாக வடிவெடுத்தது எனலாம். காந்தி அச்சலுகையை ஏற்கவில்லை. தாமும் பத்து விரல் ரேகை தர முன்வந்தார். நேற்று மானக்கேடாக இருந்தது இன்று விருப்பத்தோடு செய்யப்படுவதால் கண்ணியமாகிறது என்பது அவர் நிலை.

இந்நிலையை எல்லோரும் ஏற்கவில்லை. 1908 பிப்ரவரி 10இல் பதிவுக்குச் சென்ற காந்தியை மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் அவருடன் வந்தோரும் தடியால் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். காந்தி பாதிரியார் டோக்கின் இல்லத்தில் படுக்கையிலிருந்தபடியே ரேகை தந்தார். இந்நிகழ்ச்சி பொதுவாக ஓர் உணர்ச்சிவசப்பட்ட மனிதரின் வன்செயலாகச் சொல்லப்படுகிறது. வன்செயலை நியாயப்படுத்த வேண்டியதில்லை. எனினும் அதனுள் இருந்த கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று. விருப்பத்தோடு தந்தாலும் தாள் சென்று சேர்வது அதே அடுக்கில்தான் என்பதே அக்கருத்தின் சாரம். ‘தருதல்’ என்னும் செயலில் மானம் காக்கப்படுகிறது என்றார் காந்தி. தந்தபின் அது எவரிடம் இருக்கிறது என்பதை நோக்கியது எதிர்த்தரப்பு.

சட்டம் நீக்கப்படவில்லை. 1908 ஆகஸ்டு 16இல் ஹமீதியா மசூதித் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் பெரிய இரும்புக் கொப்பரையில் இட்டு எரிக்கப்பட்டன. மீர் ஆலம் அக்கூட்டத்தில் தம் செயலுக்கு வருந்தித் தமது சான்றிதழையும் ஒப்படைத்தார். தொடர்ந்த போராட்டத்தில் சிறை சென்றோரில் தமிழர் பெருந்தொகையினர். 1909இல் சிறையிலிருந்து வெளிவந்த சில நாள்களில் நாகப்பன் இறந்தார். 1910இல் நாடு கடத்தப்பட்டு, திரும்பி வந்து கரையிறங்க மறுக்கப்பட்ட நாராயணசாமி உயிர்நீத்தார். எரிந்தவை மக்கள் கையிலிருந்த சான்றிதழ்களே. அரசின் கோப்பில் இருந்த ரேகைகள் அன்று எரிக்கக் கிடைத்தவை அல்ல.

மதுரை நாட்டில் ரேகைச் சட்டம்

டிரான்ஸ்வாலில் ‘ஆசியர்’ என்ற பிறப்பு எதைச் செய்ததோ, அதையே சென்னை மாகாணத்தில் சாதி செய்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் வடஇந்தியாவுக்கு உரியதாக இருந்தது. 1911ஆம் ஆண்டின் சட்டமே சென்னை மாகாணத்தையும் உள்ளடக்கியது. ஒரு குழுவினர் பிணையில் விடவியலாக் குற்றங்களைத் தொடர்ந்து செய்வோர் என நம்ப அரசுக்குக் காரணம் இருந்தால் போதும். அவர்களை அறிவிக்கை செய்யலாம். அறிவிக்கையின் செல்லுபடித் தன்மையை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது. பதிவு செய்யப்பட்ட எவரது விரல் ரேகையையும் எந்நேரத்திலும் எடுக்க ஆணையிடலாம். குறவர் உள்ளிட்ட பல குழுவினர் இதன்கீழ் வந்தனர்; ஸ்டூவர்ட்புரம், அஜீஸ் நகர் போன்ற குடியேற்றங்கள் அமைந்தன. குறவர் வாழ்வை இச்சட்டம் சிதைத்த விதத்தை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விரிவாகக் காட்டியுள்ளது.

மதுரைப் பகுதியில் முதலில் 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அறிவிக்கப்பட்டனர். 1918 அளவில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுமையும் இதன்கீழ்க் கொண்டுவரப்பட்டது. இதில் உழவரும் இருந்தனர்; ஊர்க்காவல் புரிந்தோரும் இருந்தனர்; களவில் ஈடுபட்டோரும் இருந்தனர். சட்டம் இம்மூவரிடையே வேற்றுமை காணவில்லை. குற்றம் செய்தவரிடமிருந்து ரேகை பெறுதல் என்னும் நிலை மாறி, ரேகை பெறப்பட்டதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகும் நிலை உருவாயிற்று.

அன்றாட மொழியில் இதன் தடயங்கள் இன்றும் உள்ளன. வெளியூர் செல்லப் பெற வேண்டியிருந்த அனுமதிச் சீட்டு ‘ராதாரிச் சீட்டு’ எனப்பட்டது. வழிப்பயண உரிமையைக் குறித்த பாரசீகச் சொல்லின் திரிபு அது. காவல்துறைப் பதிவேட்டின் ஆங்கிலச் சுருக்கமான ‘கே.டி.’ என்பது ‘கேடி’ எனத் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. கேடு என்ற சொல்லோடு ஒலியொத்ததால் அதன் பிறப்பிடம் மறந்தே போயிற்று. வினைச்சொற்களிலும் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. பத்திரத்தில் ஒருவர் கைநாட்டு ‘வைக்கிறார்’. இச்சட்டத்தின்கீழ் அவரிடம் ரேகை ‘எடுக்கிறார்கள்’. இவ்வழக்கு விதிவிலக்கற்றதன்று, பேச்சில் இரண்டும் மயங்குவதுண்டு. ஆயினும் முன்னதில் விரலுக்கு உரியவர் எழுவாயாக இருப்பதும், பின்னதில் அவர் எழுவாய் நிலையை இழப்பதும் பொருளற்றவை அல்ல.

பெருங்காமநல்லூர், 1920

திருமங்கலம் வட்டத்துப் பெருங்காமநல்லூரிலும் அடுத்துள்ள ஊர்களிலும் ரேகைப் பதிவுக்கான ஏற்பாடு நடந்தபோது மக்கள் மறுத்தனர். 1920 ஏப்ரல் 3இல் காவல் படையினர் ஊரைச் சூழ்ந்தனர்; எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. உயிரிழந்தோர் 16 பேர் என்றும், 17 பேர் என்றும் கூறப்படுகின்றது. அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். வீழ்ந்தோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றபோது அவர் கொல்லப்பட்டார் என்பதும், கைதானோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் திருமங்கலம் வரை நடத்திச் செல்லப்பட்டனர் என்பதும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவருவன. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். அவரை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தனர். அந்நன்றியால் குழந்தைகளுக்கு அவர் பெயரை இட்டோரும் உண்டு.

இந்நிகழ்ச்சியைத் ‘தென்னாட்டு ஜாலியன் வாலாபாக்’ என்று குறிப்பிடும் வழக்கம் பிற்காலத்தில் ஏற்பட்டது. ஒப்புமை இழப்பின் கொடுமையை உணர்த்துகிறது என்பது சரியே. ஆனால் அமிர்தசரசில் கூடியவர்கள் அரசியல் கூட்டத்திற்கும் திருவிழாவிற்கும் வந்தவர்கள். பெருங்காமநல்லூரில் நின்றவர்கள் தம் உடலில் ஒரு குறிப்பிட்ட செயல் நிகழ்த்தப்படுவதை மறுத்தவர்கள். அந்த மறுப்பு இந்திய விடுதலை வரலாற்றில் பொருத்தமான இடத்தைப் பெறவில்லை. இழப்பைப் பெரிதாகக் காட்டும் ஒப்புமையே மறுப்பின் தனித்தன்மையை மறைத்தும் விடுகிறது.

டிரான்ஸ்வால் மறுப்பும் பெருங்காமநல்லூர் மறுப்பும் ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தவை அல்ல. முன்னதற்கு இதழ்களும் வழக்கறிஞர்களும் லண்டன் வரை செல்லும் தூதுக் குழுக்களும் இருந்தன. பின்னதற்கு ஊர்க் கூட்டமே இருந்தது. இத்துணை வேறுபாடுகளுக்கு இடையிலும் மறுப்புக்குக் கூறப்பட்ட காரணம் ஒன்றாக இருப்பதே கருதத்தக்கது: குற்றம் செய்யாதவரிடம் குற்றவாளியின் ரேகை கேட்கப்படுகிறது.

அண்டையூரார் கருத்து

ரேகைச் சட்டம் குறித்த மக்கள் கருத்து ஒருமுகமானது எனக் கொள்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பிரமலைக் கள்ளர் பல ஊர்களில் காவல் உரிமை கொண்டிருந்தனர். அதற்கெனக் கூலி பெற்றனர். களவு போன மாட்டைத் ‘துப்புக்கூலி’ கொடுத்து மீட்கும் வழக்கமும் இருந்தது. 1896 அளவில் மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் பிற சாதி உழவர்கள் பொதுநிதி திரட்டிக் கள்ளர் காவலை விலக்க முனைந்தனர். தீவைப்பும் மோதலும் நிகழ்ந்தன. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், ஆனந்த் பாண்டியன் ஆகியோர் இவ்வியக்கத்தை ஆராய்ந்துள்ளனர். இவ்வூரார் பலருக்குக் காவல்துறையின் கண்காணிப்பு அச்சமன்று, ஆறுதலாகவே தோன்றியிருக்கும். தொழில்நுட்பம் ஒருவர் விரலில் மட்டும் மை பூசும்போது, பூசப்படாதவர் அதனைப் பாதுகாப்பு எனக் கருதுவது இயல்பு. அவர்களது அச்சத்திற்கும் காரணம் இருந்தது. ஆனால் ஊர்களுக்கிடையே இருந்த ஒரு பூசலைத் தீர்க்க ஒரு சமூகத்தின் பிறப்பையே குற்றமாக்கிய வழியை அக்காரணம் நியாயப்படுத்தாது.

அதே ஆண்டின் மற்றொரு சட்டம்

பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்த அதே 1920இல், செப்டம்பர் மாதத்தில், சிறையாளர் அடையாளச் சட்டம் இயற்றப்பட்டது. தண்டனை பெற்றோரிடமும் குறிப்பிட்ட குற்றங்களுக்காகக் கைதானோரிடமும் ரேகையும் உடலளவுகளும் பெற அது வழிசெய்தது. அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு முன் தண்டனை இல்லாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றாலோ, நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி, அவரது பதிவுகளை அழிக்க வேண்டும் என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விடுதலை என்னும் வாயில் இருந்தது. அவருடைய ரேகைக்கும் இருந்தது. எந்தக் குற்றமும் சாட்டப்படாத பிரமலைக் கள்ளருக்கு அவ்வாயில் இல்லை. சாட்டப்படாத குற்றத்திலிருந்து எவரும் விடுதலை பெற இயலாதல்லவா?

1924இல் குற்றப் பரம்பரையினர் சட்டம் மீண்டும் தொகுத்து இயற்றப்பட்டது. 1929 முதல் ஆப்பநாட்டு மறவர்மீது அதனைச் செயற்படுத்த எழுந்த முயற்சியை எதிர்த்து முத்துராமலிங்கத் தேவர் இயக்கம் நடத்தினார். வரதராஜுலு நாயுடு, ஜீவானந்தம் போன்றோர் சட்ட ஒழிப்புக்குக் குரல் கொடுத்தனர். 1947இல் சென்னை மாகாணம் இச்சட்டத்தை நீக்கியது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் இம்மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. பரம்பரை என்னும் அடிப்படை நீங்கித் தனியாள் என்னும் அடிப்படை வந்தது. பதிவேடு என்னும் கருவி தொடர்ந்தது. இந்திய அளவில் 1911 வழிவந்த சட்டம் 1952இல் நீங்கியது.

1920ஆம் ஆண்டின் சிறையாளர் அடையாளச் சட்டம் 2022 வரை நின்றது. அதன் இடத்தைப் பிடித்த புதிய சட்டம் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் தருகிறது. இதற்கிடையில், குற்றத்தோடு எத்தொடர்பும் இல்லாத தேவைக்காகப் பத்து விரல் ரேகை நாடெங்கும் பெறப்பட்டுள்ளது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தது ஆதார் வழக்கின் தொடர்ச்சியில்தான். நியாயவிலைக் கடைகளில் விரலை வைத்து நிற்கும் முதியோரும், களையெடுத்தும் கல்லுடைத்தும் தோல் தேய்ந்த உழைப்பாளிகளும் இன்று வேறொரு வினையைப் பயன்படுத்துகின்றனர்: ‘ரேகை விழவில்லை’. இதில் வைத்தவரும் இல்லை, எடுத்தவரும் இல்லை.